நூல் ஆனால் நேரே வீட்டுக்கு

7-1-2007, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். இந்த வருஷம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நல்ல சேதியாகவே தொடங்கியிருக்கிறது. மகன் வழிப் பேத்தி இனேஸ் பாரிசில் நர்சுப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் சொல்லிவிட்டார்களாம். மகள் வழிப் பேத்தி தீபா புதுச்சேரியில் பி.காம். படிக்கிறாள், வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்தவள் புரொபசர் மகளாம், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறாள். சரி, சேர்க்கவில்லை.

அப்புறம் ஃபிரான்க். என் மகன் சவியேவின் பிள்ளை, இனேசுக்குத் தம்பி. பந்து விளையாட்டுப் பள்ளியில் இது அவனுக்கு நாலாம் வருஷம். பிரான்சில் ஒரு பெரிய கிளப் எத்தனையோ பையன்களை ஓட விட்டுப் பார்த்து, அதில் பொறுக்கி எடுத்த கொஞ்சம் பேரில் இவன் ஒருவன். சோறும் படிப்பும் அவர்கள் செலவு. இந்த வருஷம் முடிந்ததும் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். காரைக்காலில் இந்தச் சேதியை நான் சொல்லாத வீடு கிடையாது.

ஆனால் அவன் படம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பள்ளியில் சேர்ந்த அன்று நீலச் சட்டையில் எடுத்தது. மீசை அரும்பாத முகம். இப்போது எப்படி இருப்பான்? கிறிஸ்மசுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. வராவிட்டால் போகிறது, ஒரு படமாவது அனுப்பக்கூடாதா?

21-1-2007, ஞாயிறு

லீக் தொடங்கியது. நம் ஜெனஸ் கிளப் நெடுங்காட்டிடம் மூன்று கோல் வாங்கியது. போட்டது ஒன்றுமில்லை.

ஜெனஸ் என்றால் பிரெஞ்சில் இளமை என்று அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பேர். இப்போது இளமையைப் பேரில்தான் பார்க்கலாம். பாதிப் பேருக்குத் தொந்தி. பின்னால் தடுத்து ஆடுகிற ஸ்டாப்பர் பையன் கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு மண் அடிக்கிற வேலைக்குப் போய்விட்டான். கோலி காத்தமுத்து காரைக்கால்மேட்டுப் பையன், படகு கடலுக்குப் போனால் அவனும் போய்விடுவான். இன்றைக்குக் கோலில் நின்றவன் பந்தைக் கண்டு கண்ணை மூடுகிறான்.

பயிற்சி கொடுக்கிற அருள்மணி சார் டி.வி. பார்த்துவிட்டு முன்னால் ஒற்றை ஆளை நிறுத்துகிறார். அந்த ஒற்றை ஆளுக்குப் பந்து கொடுக்க வேண்டியவன் வலது விங் சசிதரன். குச்சி மாதிரி இருக்கிறான். காற்று அடித்தால் பந்துக்கு முன்னால் இவன் போய்விடுவான். அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஆடிய ஆட்டம் என்ன! பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால் பெட்டியைக்கூடத் திறக்காமல் மைதானத்துக்குப் போவார்.

பக்கத்தில் மீரா சாகிப் உட்கார்ந்திருந்தார். இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறார், அந்தக் காலத்து ஜெனஸ் கோலி. "வருஷம் முச்சூடும் தோத்தாலும் நீங்க வர்றத நிறுத்த மாட்டீங்க போலருக்கே அக்கா" என்றார். நீங்களும்தானே வருகிறீர்கள் என்றேன்.

28-1-2007

பூவத்தோடு 2–1. தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

இருக்கிறது. அந்த ஒரு கோலும் பூவத்துக்காரன் தன் கோலிலேயே போட்டுக்கொண்டது.

4-2-2007, ஞாயிறு

ஃபிரான்க் பேசினான்! தானாகவே கூப்பிட்டான். மூன்று மாதமாக சவியேதான் பேசுவான், இவன் பிராக்டிசில் இருப்பான். இன்றைக்கு இவனே.

குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகிவிட்டது. பின்னால் ரயில் சத்தம். வெளியூர் மேட்சுக்குப் போகிறான் போல. எப்படிய்யா இருக்கே என்றேன். "நான் நூல், பாத்தி" என்றான். அவனுக்கு 'ட' வராது, எப்போதும் பாத்திதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! ஆட்டம் சமமாக முடிந்தால் நாங்கள் பிரெஞ்சில் நூல் என்போம். அந்தக் காலத்து ரெஃபரி விசில் ஊதி 'மாட்ச் நூல்' என்று கத்துவார். இப்போதைய பையன்களுக்கு எல்லாம் டிரா. மீரா சாகிப்பும் நானும்தான் இன்னும் நூல் என்கிறோம். பிரான்சில் பிறந்த பிள்ளை வாயில் அது அப்படியே வருகிறது.

"நூல்னா என்னய்யா, நல்லதுதானே" என்றேன். "உங்க தாத்தா ஜெயிச்சா கிளப்புல விருந்து சாப்பிடுவாரு. தோத்தா யாரு மூஞ்சியிலயும் முழிக்காம பட்டினி கெடப்பாரு. நூல் ஆனாத்தான் நேரா வூட்டுக்கு வந்து என் கையால சாப்பிடுவாரு. நீயும் நேரா வூட்டுக்குப் போ. போயி சாப்பிடு."

போன் அட்டையில் காசு தீர்ந்ததோ என்னவோ, பேச்சு நின்றுவிட்டது. படம் கேட்க மறந்துவிட்டேன்.

11-2-2007

நிரவியோடு 4–0. காத்தமுத்து வந்திருந்தால் இரண்டோடு போயிருக்கும்.

சவியே பேசினான். ஃபிரான்கைக் கூப்பிடு என்றால் தூங்குகிறான் என்கிறான். விளையாடுகிற பிள்ளை பகலில் தூங்கலாமா? படம் அனுப்பச் சொன்னேன். சரிம்மா என்றான். அவன் சரிம்மா எனக்குத் தெரியாதா.

25-2-2007, ஞாயிறு

தவக்காலம் தொடங்கிவிட்டது. பாஸ்காத் திருநாள் வரை கறி கிடையாது. மீரா சாகிப் கேட்கிறார், "கறிய விட்டீங்க சரி, இந்தக் கிளப்பையும் சேத்து விட்டா மோட்சம் சீக்கிரம் கெடைக்குமே அக்கா?"

இன்றைக்கும் தோல்வி. எத்தனை கோல் என்று எழுதப்போவதில்லை.

11-3-2007, ஞாயிறு

எனக்கு மனம் ஆறவில்லை. பட்டினத்துக்காரன் கோலி வழுக்கி விழுந்து கிடக்கிறான், கோல் வாசல் திறந்து கிடக்கிறது, சசிதரன் காலில் பந்து. அதைத் தூக்கி தென்னை மரத்துக்கு அடிக்கிறான். தென்னை மரமா கோல் கேட்டது?

எழுந்து நின்று கத்திவிட்டேன். "உதவாக்கரை! உனக்கெல்லாம் எதுக்குடா பந்து?"

மைதானமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனும் பார்த்தான். சிரிக்கவில்லை.

சொன்னதில் என்ன தப்பு? உதவாக்கரையை உதவாக்கரை என்றுதானே சொல்ல முடியும். என் பேரன் அந்த இடத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளியிருப்பான். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

8-4-2007, பாஸ்கா

இனேஸ் பேசினாள். தீபாவும் பேசினாள். ஃபிரான்க் பேசவில்லை. ஏன்டி என்றால் இனேஸ் உடனே ஆஸ்பத்திரிக் கதைக்குப் போய்விட்டாள். கறிக் குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது?

நீலச் சட்டைப் படத்தைத் துடைத்து வைத்தேன். சட்டையின் நீலம் வெளுத்துக்கொண்டு வருகிறது. வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கக்கூடாது.

15-4-2007, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் இன்று தொடக்கம். படகெல்லாம் கரையில். காத்தமுத்து கோலுக்கு வந்துவிட்டான். 1–0 தோல்விதான், ஆனாலும் மனிதர்கள் ஆடிய மாதிரி இருந்தது. சசிதரன் வேலியோரம் வரும்போதெல்லாம் என் பக்கம் பார்க்காமல் ஓடுகிறான். இனி ஒரே ஒரு ஆட்டம். அதை ஜெயித்தாலும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குவது இறங்குவதுதான் என்று அருள்மணி சார் சொல்லிவிட்டார்.

22-4-2007, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் பிரான்சு தேர்தலுக்கு வோட்டுப் போடப் போனேன், வீட்டுக்காரரால் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. வரிசையில் எனக்கு முன்னால் கோட்டுப் போட்ட பட்டாளத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் ஆதரிக்கிற ஆளை மற்றவர் நூல் என்கிறார். நூல், சுத்த நூல். நான் சும்மா இருக்கக்கூடாதா? "இன்னும் எண்ணவே இல்லியே, அதுக்குள்ள சமம்னு எப்படிங்க சொல்றீங்க?" என்றேன்.

வரிசையே சிரித்தது. கான்வென்டில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சர் பின்னால் நின்றிருந்தார். என் தோளைத் தொட்டு, "ஆட்டத்தச் சொன்னா சமம், ஜெனேவியேவ். ஆளச் சொன்னா வேற. உதவாக்கரைன்னு அர்த்தம்" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டடி நகர்ந்தேன். பிறகு நின்றுவிட்டேன்.

நான் நூல், பாத்தி.

மாட்ச் நூல் என்று அவன் சொல்லவில்லையே. நான் நூல் என்றல்லவா சொன்னான்.

எந்த வோட்டுக் காகிதத்தை உறைக்குள் போட்டேன் என்று தெரியாது. அங்கே விடிகிற வரை காத்திருந்து ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் சவியேவைக் கூப்பிட்டேன். என்னடா நடந்தது, மறைக்காமல் சொல் என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். அழுதேன். அப்புறம் சொன்னான். ஜனவரி கடைசியிலேயே கிளப்பில் கூப்பிட்டு, உன்னை எடுக்க மாட்டோம், உன் ஆட்டம் போதாது என்று சொல்லிவிட்டார்களாம். இவன் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இப்போது தெருச் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் கூடை தூக்குகிறான். இந்த நேரமும் அங்கேதான் இருக்கிறான்.

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"ஊரு பூரா சொல்லி வச்சிருக்கியேம்மா. உனக்கு எப்படிம்மா சொல்றது?"

23-4-2007

பிள்ளை என்னிடம் நான் உதவாக்கரை என்று சொல்லியிருக்கிறான். நான் சிரித்திருக்கிறேன். நல்லதுதானே என்று சொல்லியிருக்கிறேன்.

26-4-2007, வியாழன்

ஃபிரான்க் கூப்பிட்டான். அப்பா சொல்லிவிட்டாரா என்றான். சொன்னான் என்றேன். அதற்கு மேல் அவன்தான் பேசினான். பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுகிறான், நான் நிமிர்த்தி எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கேட்டது வெளியூர் போகிற ரயில் இல்லை. கிளப்பிலிருந்து வந்தவன் வீட்டுக்குப் போகவே இல்லையாம். கூட்டாளி வீட்டில் கொஞ்ச நாள், அப்புறம் ரயிலடியில். அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்ததாம். ரொம்பத் தூரத்தில் இருக்கிறவள் என்று என்னைக் கூப்பிட்டானாம்.

"எல்லாரும் நீ நூல் இல்ல, நூல் இல்லன்னாங்க பாத்தி. பொய். நீ மட்டும்தான் நூல்னா என்ன, நேரா வீட்டுக்குப் போ, போய்ச் சாப்பிடுன்னே. நான் போனேன்."

போனானா என்றேன். போனேன் என்றான். அம்மா சோறு வைத்தாளாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை, நான் ஆட்டத்தைத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பிள்ளை அதை நம்பி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தாத்தாவும் நூலா பாத்தி?" என்று கேட்டான்.

"எத்தனையோ தடவ" என்றேன்.

29-4-2007, ஞாயிறு

கடைசி ஆட்டம். லீக்கில் முதலாவதாக இருக்கிற திருநள்ளாற்றோடு. ஐந்து கோல் வாங்குவோம் என்று மீரா சாகிப் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

காத்தமுத்து இன்றைக்குக் கோலி இல்லை, வலை. பக்கத்துக்குப் பக்கம் பாய்ந்து பிடித்தான். ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டு அவன் முதுகில் பட்டு வெளியே போனது, அதையும் தான் செய்த மாதிரி கையை உயர்த்தினான். கோலே விழவில்லை. முடிகிற நேரத்தில் பந்து சசிதரனுக்கு வந்தது. எதிரில் கோலி மட்டும்தான். மறுபடியும் மேலே அடித்தான். இந்தத் தடவை தென்னை மரத்துக்கும் மேலே.

எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். மீரா சாகிப் என்னைப் பார்த்தார். "என்ன அக்கா, வாய்க்குப் பூட்டா?"

புல்லில் குப்புறக் கிடக்கிற அந்தப் பிள்ளையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் சட்டை ஒட்டி எலும்பு தெரிந்தது. இதற்கும் ஒரு பாட்டி எங்கேயோ இருப்பாள். ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பாள்.

ரெஃபரி விசில் ஊதினார். மீரா சாகிப் எழுந்து நின்று, பல் இல்லாத வாயால், "மாட்ச் நூல்!" என்று கத்தினார். பையன்கள் புரியாமல் பார்த்தார்கள். நானும் கத்தினேன். இந்த சீசன் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

சசிதரன் என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான், வசவை எதிர்பார்த்து. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நூல்தானேப்பா. நேரா வூட்டுக்குப் போயி சாப்பிடு."

என்ன விளங்கியதோ தெரியாது. "சரிங்க ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி ஒரு தடவை பார்த்தான்.

மே மாதம் முதல் தேதி

நீலச் சட்டைப் படத்தை எடுத்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன். அது எங்கும் போகாது. கேட்கிறவர்களிடம் என் பேரன் சந்தையில் வேலை செய்கிறான், தக்காளி விற்கிறான் என்று சொல்கிறேன். இன்றைக்கு மூன்று வீட்டில் சொன்னேன். நர்சம்மா இனேசைப் பற்றிச் சொன்ன கையோடு இதையும் சொன்னேன், இடைவெளி விடாமல்.

இன்று ஃபிரான்குக்கு எழுதிய கடிதத்தில் ஆட்டத்தைப் பற்றி எழுதினேன். காத்தமுத்து முதுகால் தடுத்தது, தென்னை மரம் எல்லாம். கோடைக்கு வர முடியுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். கூலி வேலையில் லீவு எப்படிக் கிடைக்கும்.

கடைசியில் இப்படி எழுதி ஒட்டினேன்: "ஐயா, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. அலமாரியில் இடம் காலியாக இருக்கிறது. பந்துச் சட்டை வேண்டாம், கடையில் கட்டுகிற ஏப்ரனோடு, கூடைப் பக்கத்தில் நின்று எடு. மீசை வைத்திருந்தால் மழிக்காதே. நான் பார்க்க வேண்டும்."