கடல் இல்லாத சமஸ்தானத்தின் கடல் பிரிவு

1942 மார்ச் 9, திங்கள்

காலையில் பிரகதாம்பாளைக் கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சமஸ்தான எல்லையைத் தாண்டி இருக்கும் பிறந்த வீட்டுக்கு, தம்பி கல்யாணத்துக்குத்தான் போகிறாள். ஆனால் மூட்டை கட்டிய தினுசைப் பார்த்தால் அம்மியும் உரலும்தான் பாக்கி. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "வேலை நிரந்தரம் ஆனதும் ஒரு கடுதாசி போடுங்க. வாரேன்."

சமஸ்தானத் தகவல் இலாகாவில் நான் ஒன்பது வருஷமாகத் தற்காலிக எழுத்தர். கல்யாணமும் அதே வருஷம்தான். வேலையும் நிலைக்கவில்லை, வீட்டில் ஒரு தொட்டிலும் ஆடவில்லை. மாமனார் ஆண்டியப்பன் என்னைத் 'தற்காலிக மாப்பிள்ளை' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தமாஷுக்காகத்தான் சொல்கிறாரா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 11, புதன்

இலாகாவுக்குப் புதிய தனி அதிகாரி வந்துவிட்டார். நல்லதம்பி துரை. சீமையில் படித்தவர், பிரம்மச்சாரி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சிங்கப்பூர் விழுந்தது, ரங்கூன் போய்விட்டது, அடுத்து ஜப்பான்காரன் குறி வைத்திருப்பது புதுக்கோட்டை என்பது அவருடைய முடிவு. எனவே இலாகாவைத் திருத்தி அமைக்கிறார்.

இதுவரை எங்கள் வேலை சந்தையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது. இனி நான்கு பிரிவுகள். உள்நாடு துரைக்கு. வெளிநாடு செபமாலைக்கு, ஆறு வயதிலிருந்து பாதிரியார் விடுதியில் வளர்ந்த பையன், இப்போது இருபத்திரண்டு, விதி என்றால் அவனுக்கு உயிர். ஆகாயம் பியூன் வெள்ளைச்சாமிக்கு. அவன் ஏற்கெனவே அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான். கடல் எனக்கு.

நம் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாதே என்று மெதுவாகச் சொன்னேன். அதனால்தான் இத்தனை நாள் யாரும் அந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லை என்றார்.

புதிய விதிகளை எழுதும் பொறுப்பும் எனக்கே. கடல் பிரிவு பலன் காட்டினால் நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. இது பிரகதாம்பாள் திரும்பி வருகிற விஷயம்.

மார்ச் 15, ஞாயிறு

பதினான்கு விதிகளையும் முடித்துவிட்டேன். ஒன்பதாவது விதியை மட்டும் நாலு தடவை வாசித்துப் பார்த்தேன். இதில் பதிந்துவைக்கிறேன்:

'இலாகா ஊழியர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தபால் அனைத்தும் வெளிநாட்டுப் பிரிவில் பிரிக்கப்படும். பெயர், உறவு, நலம் விசாரிப்பு ஆகியவற்றை நீக்கி, விஷயத்தை மட்டும் சுருக்கி உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். எழுதியவர் யார் என்பது எக்காரணம் கொண்டும் தெரிவிக்கப்படாது.'

வெளிநாடு என்றால் எது என்று செபமாலை கேட்டான். சமஸ்தான எல்லைக்கு அப்பால் எல்லாமே என்று துரை சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நானா எழுதினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

பிரகதாம்பாளிடமிருந்து கடுதாசி இல்லை. கல்யாண வேலை போலிருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

கடல் பிரிவின் தலைவர் கடலைப் பார்த்ததே இல்லை என்பது தெரிந்துபோய், துரை என்னை ஜெகதாப்பட்டினத்துக்கு அனுப்பினார். அது பிரிட்டிஷ் எல்லை, அதாவது வெளிநாடு. செபமாலையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

மாறுவேடம் போட வேண்டும் என்று உத்தரவு. கருவாட்டு வியாபாரியாகப் போனேன். கடல் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒரு தெருவில் இரண்டு கருவாட்டின் பெயர் சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சி.ஐ.டி. ஐயா, கடைசி பஸ் போயிரும்ங்க."

ஏப்ரல் 20, திங்கள்

ஆகாயப் பிரிவின் வாராந்தர அறிக்கை: 'பருந்து 14. மற்றபடி காலி.' வெள்ளைச்சாமி சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். கழுத்து வலிக்கு லீவு கேட்கிறான்.

கடுதாசி இல்லை. நானும் எழுதவில்லை. நிரந்தரம் ஆனதும் போடு என்றவளுக்கு, ஆகாமல் எந்த முகத்தோடு எழுதுவது? ஆனால் அவள் எழுதலாம் அல்லவா? அப்படியா கோபம்?

மே 18, திங்கள்

கடல் பிரிவுக்கு முதல் தகவல்! வெளிநாட்டுப் பிரிவின் முத்திரையோடு செபமாலை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அப்படியே எழுதுகிறேன்:

'இடம் கந்தர்வக்கோட்டை. மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறது. வெளியே இன்னும் தெரியவில்லை. காலை வேளைகளில் கக்குகிறது. மாங்காய் மிகவும் தேவைப்படுகிறது. ஐப்பசியில் வெளியே வரும். முன்பு அனுப்பிய ஐந்து தகவலுக்கும் பதில் இல்லாததால் வருத்தம். உடனே புறப்பட்டு வரவும்.'

நீர்மூழ்கிக் கப்பல்! அதுவும் என் மாமனார் ஊரிலேயே!

துரை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். முழுகவேண்டிய கப்பல் மூன்று மாதமாக முழுகவில்லை என்றால் பழுதாகியிருக்கிறது. கக்குவது எண்ணெய். கடலிலிருந்து கந்தர்வக்கோட்டைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். தேசப்படத்தை விரித்து, கல்லணையிலிருந்து வரும் புது ஆற்றுக் கால்வாயின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராக இருந்ததால் நானும் நம்பினேன்.

எழுதியவர் எவ்வளவு சாமர்த்தியசாலி. ஐந்து தகவலுக்குப் பதில் போடாமல் விட்ட மடையன் யாரென்று தெரியவில்லை.

மே 21, வியாழன்

மாங்காய் எதிரியின் உணவு என்று துரை முடிவு கட்டிவிட்டார். எனவே இலாகாவுக்குப் புதிய பொறுப்பு: மாங்காய். நாள் முழுவதும் சந்தையில் நின்று யார் யார் வாங்குகிறார்கள் என்று எழுதினேன். நாற்பத்தொரு பேர். எல்லோரும் பெண்கள். எதிரி எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறான்!

மாங்காய் விற்கிற செவந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் விசேஷமா என்று கேட்டாள். சர்க்கார் காரியம் என்றேன். அதற்கு ஏன் அப்படிச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

மே 25, திங்கள்

திட்டம் தயார். போலீஸ் இருபது பேர், துப்பாக்கி எட்டு, பெரிய வலை இரண்டு. அடுத்த திங்கள் சென்னைக்குத் தந்தி அடித்துவிட்டுப் புறப்படுவது. வெற்றியானால் நான் அன்றைக்கே நிரந்தரம் என்று துரை என் தோளைத் தட்டினார்.

பிரகதாம்பாளுக்கு எழுதவேண்டிய கடுதாசியை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். 'நிரந்தரம் ஆகிவிட்டது. மேலும் உங்கள் ஊரையும் காப்பாற்றிவிட்டேன்.' உங்கள் அப்பாவையும் என்று சேர்க்கலாமா? வேண்டாம், அது அதிகம்.

மே 30, சனி

என்ன எழுதுவது?

ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். இலாகாவில் பெருக்க வருகிற காத்தாயி கூட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைத் தந்திக்காகத் தகவலை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறது—

விளக்குமாறு நின்றது. யார் என்று கேட்டாள். ரகசியம் என்றேன். எந்த ஊர் என்றாள். அதுவும் ரகசியம்தான், ஆனாலும் வாயில் வந்துவிட்டது. காத்தாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "நம்ம வீட்டம்மா அங்கிட்டுத்தானே இருக்காங்க?" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முழுகாம இருக்கா. அட ராமா. முழுகாம இருக்கா! வாந்தி. மாங்காய். ஐப்பசி. என் பொண்டாட்டி முழுகாம இருக்கா, நான் அவளப் பிடிக்க இருபது போலீஸ் கேட்டிருக்கேன். வலை வேற ரெண்டு.

ஐந்து கடுதாசி. அந்த மடையன் நான்தான்.

மே 31, ஞாயிறு

செபமாலையின் அறைக்குப் போய் என் கடுதாசிகளைக் கேட்டேன். பூட்டிய அலமாரியைக் காட்டினான். கொடுக்க விதி இல்லை. முழுகாமல் இருப்பது என்றால் என்னவென்று தெரியுமா தம்பி என்று கேட்டேன். தண்ணீரில் இறங்காமல் இருப்பது என்றான். விடுதியில் யார் அவனுக்கு இதைச் சொல்லியிருப்பார்கள்? விளக்கிச் சொன்னேன். காது வரை சிவந்துபோய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. அப்போதும் சாவியைத் தரவில்லை. "விதி ஒம்பதுங்க. ஒங்க கையெழுத்துதான்."

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை.

துரையிடம் உண்மையைச் சொன்னால் அவர் ஊர் சிரிக்கும்படி ஆவார். என் வேலை அன்றோடு சரி. வேலை போனால் அவள் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள்? சொல்லாவிட்டால் நாளைக்கே மாமனார் வீட்டைப் போலீஸ் சுற்றி நிற்கும். கடைசியில் துரை வீட்டுக்கே போய், கப்பல் எச்சரிக்கையடைந்து ஓடிவிடக் கூடாது, முதலில் நான் மட்டும் போய் நேரில் பார்த்து வருகிறேன் என்றேன். என் தைரியத்தைப் பாராட்டினார். தந்தியை நிறுத்தி வைத்தார்.

ஜூன் 1, திங்கள்

கந்தர்வக்கோட்டை. முந்திரித் தோப்புக்குப் பக்கத்து வீடு. பிரகதாம்பாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி உலர்த்துவதையே தொடர்ந்தாள்.

கடுதாசி எதுவும் என் கைக்கு வரவில்லை என்றேன். நம்பவில்லை. இலாகா, விதி, கப்பல், மாங்காய், வலை என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வலை வரும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், அப்படியே அழுதாள்.

"ஒம்பது வருஷம் கழிச்சு ஒரு சேதி சொன்னா, அதையும் ஆபீசுக்கே குடுத்துட்டீங்களே."

நானும் அழுதேன். நிரந்தரம் இன்னும் ஆகவில்லை என்றேன். "யாரு கேட்டா இப்ப?" என்றாள். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடச் சொன்னார். வெறும் மாப்பிள்ளைதான், முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஜூன் 4, வியாழன்

அறிக்கை கொடுத்தேன். பொய் ஒன்றும் எழுதவில்லை:

'நேரில் சென்று விசாரித்தேன். தகவல் முழுவதும் உண்மை. ஆனால் அது எதிரியுடையது அல்ல. நம்முடையது என்று ஐயமற உறுதியாயிற்று. ஐப்பசிவரை தொந்தரவு செய்யாமல் விடுவது நலம்.'

துரை மூன்று முறை வாசித்தார். நம்மிடமே ஒன்று இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இருக்கிறது என்றேன். எழுந்து நின்று கை குலுக்கினார்.

ஜூலை 13, திங்கள்

நம்முடைய நீர்மூழ்கியைக் கவனித்துக்கொள்ள நிலையான கடல் பிரிவு அவசியம் என்று துரை மேலே எழுதியிருந்தார். உத்தரவு வந்துவிட்டது. இன்று முதல் நான் நிரந்தரம்.

நிரந்தர ஊழியருக்கு அலமாரிச் சாவி உண்டு. அவளுடைய கடுதாசிகளை எடுத்து வாசித்தேன். செபமாலை நீக்கியவற்றைச் சிவப்பு மையால் அழகாக அடித்திருந்தான். சாப்பிட்டீங்களா. துவைக்க ஆள் வருதா. தலைவலி தேவலையா. எனக்கு இங்க பொழுதே போகலை. முதல் ஐந்து கடுதாசியும் முழுக்கச் சிவப்பு, அனுப்ப விஷயமே மிஞ்சவில்லை; ஆறாவதில்தான் கொஞ்சம் கறுப்பு.

நிரந்தர எழுத்தராக என் முதல் காரியம் ஒன்பதாவது விதியைத் திருத்தியது. நலம் விசாரிப்பை நீக்கக் கூடாது. குடும்பத் தபாலைப் பிரிக்கவே கூடாது. துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 3, செவ்வாய்

பத்து மணிக்குக் கந்தர்வக்கோட்டையிலிருந்து தந்தி. செபமாலை பிரிக்காமல் ஓடி வந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான். வெள்ளைச்சாமி ஆகாயத்தை விட்டுவிட்டு வந்தான். காத்தாயியும் வந்தாள்.

பெண். இருவரும் நலம்.

துரை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஐப்பசி ஆயிற்றே, நம்முடையது வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். சத்தம் அதிகமாக இருக்குமே, ரகசியம் கெடாதா என்று கவலைப்பட்டார். இனி மறைக்க முடியாது என்றேன்.

அனுமதிச் சீட்டு வாங்கியாகிவிட்டது. பகல் பஸ்ஸில் வெளிநாடு போகிறேன்.