இடுப்பில் ஒரு தீபாவளித் துப்பாக்கி

அன்பு மகள் சுரேகாவுக்கு,

மேனாம்பேட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் அடி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அடிபட்ட கதையை உன் அம்மா போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னால் கூட்டத்தில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிடுவாள். நவம்பர் மாசம் அல்லவா, பென்ஷன் வாங்குகிறவன் எல்லாம் நான் இன்னும் சாகவில்லை என்று வங்கிக்கு நேரில் போய்க் காட்டவேண்டிய மாசம். நானும் போனேன். வரிசையில் நிற்கும்போது மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, குனிந்தேன். குனிந்ததும் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்து டப்பென்று வெடித்தது. பயப்படாதே, தீபாவளித் துப்பாக்கிதான், உள்ளே சுருள் கேப் இருந்தது. ஆனால் அது எனக்குத்தானே தெரியும். கவுன்டர் அம்மா மேஜைக்கு அடியில் போய்விட்டாள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசலில் நிற்கிற காவலாளி பாண்டியன், பட்டாளத்தில் இருந்தவர், தினம் எனக்கு வணக்கம் சொல்கிறவர், அவர் தன் ஒற்றைக் குழல் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பெர்சு, கையத் தூக்கு, அசையாத" என்றார். தூக்கினேன். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போன இடத்திலேயே உயிர் போயிருக்கும். பிறகு பாண்டியன் கீழே கிடந்ததைக் காலால் தள்ளிப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சுட்டிருந்தாலே தேவலை. மேனேஜர் பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் செய்வதுபோல வீட்டுக்குப் போன் போட்டு உன் அம்மாவை வரவழைத்து என்னை ஒப்படைத்தார்.  மேனாம்பேடு வளைவு வந்ததும் கஸ்தூரி, இது யாருக்காக என்று கேட்டாள். சுரேகாவுக்காக என்றேன்.

உனக்காகத்தான் அம்மா. நீ அங்கே துப்பாக்கிக் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, கண்ணாடி மேஜைமேல் இரண்டு துப்பாக்கியையும் வைத்துக் காட்டி, எதுப்பா நல்லது, நீ இரும்போடு பிறந்தவன் நீ சொல்லு என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஆவடி ஃபேக்டரியில் வேலை செய்தவன்தான், இல்லை என்கவில்லை, ஆனால் நான் செய்தது டாங்கி. அது இடுப்பில் செருகுகிற சாமான் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு நீ சொன்னதை எல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்தேன். சின்னது உள்ளங்கையில் அடங்குகிறது, சட்டைக்குள் இருப்பதே தெரியாது, ஆனால் சுட்டுப் பார்த்தபோது கை எகிறுகிறது, சுண்டுவிரல் வைக்க இடமில்லை, குண்டும் குறைவாகத்தான் பிடிக்கும் என்றாய். மற்றது அதைவிட அரை விரல் நீளம், கொஞ்சம் தடிமன், கை முழுசாகப் பிடிக்கிறது, சுட்டால் அடங்கி நிற்கிறது, ஆனால் இடுப்பில் எங்கே வைத்தாலும் முட்டுகிறது என்றாய். மாசக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றை வாங்கிவிடுவேன் என்றாய். நீ பயப்படுவது தப்பென்று சொல்ல நான் யார். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து இருட்டில் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் தனியாக நடக்கிறவள் நீ, உன்கூட வேலை செய்கிற நர்ஸைத் துப்பாக்கி காட்டி மடக்கிப் பையைப் பிடுங்கியது அங்கேதான். அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்கிறாய். சரி.

ஒரு சாமானைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் கையில் வைத்துப் பார்க்காமல் எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் யூசுப்பைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லி பஜாருக்குப் போனேன், ஃபேக்டரியில் எனக்கு அடுத்த பெஞ்சில் நின்றவன், இந்த மாதிரிக் கூத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. தீபாவளிக் கடைகள் போட்டிருந்தார்கள். நீ காட்டிய அளவுக்குக் கையால் அளந்து அளந்து, சின்னதாக ஒன்று, பெரியதாக ஒன்று, ரெண்டும் இரும்பு, வாங்கினோம். கடைக்காரன் பேரனுக்கா என்று கேட்டான், யூசுப் வெட்கமே இல்லாமல் ஆமாம் என்றான். பிறகு ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். சின்னது சொன்னபடி தெரியவே இல்லை, நானே மறந்துபோகிறேன், எடுத்துப் பார்த்தால்தான் ரெண்டு விரல் பிடிக்கு வெளியே தொங்குகிறது, அவசரத்தில் எடுத்தால் பாதிதான் கைக்கு வரும். பெரியது கைக்கு ராஜா, இடுப்புக்குச் சனி. ஐயப்பன்தாங்கல் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் தொப்பையில் குத்துகிறது, நின்றுகொண்டு கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சட்டை மேலே போய் வாலைக் காட்டிவிடுகிறது. யூசுப் பின்னாலிருந்து, "மாமே, இடுப்புல இன்னா, தேங்கா மூடியா" என்றான். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா வேறு திரும்பிப் பார்த்தாள். உன் அம்மாவின் கைப்பையிலும் வைத்துப் பார்த்தேன், அவளுக்குத் தெரியாமல். சாவி, சீப்பு, விபூதிப் பொட்டலம், பழைய மாத்திரை அட்டை எல்லாவற்றையும் தாண்டி அதை எடுப்பதற்குள் திருடன் வந்து வேலையை முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போயிருப்பான். அதோடு அந்தச் சாவிக்கொத்து டிரிகருக்குள் போய் மாட்டியிருந்தது. அதனால் பையில் வைக்கிற யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடு.

வங்கியில் விழுந்தது ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின நாள் நடந்தது, இதைப் படிக்கிற வரைக்கும் உன் அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. தண்ணீர் கேன் போடுகிற வேம்புலியை உனக்கு நினைவிருக்கும், நீ படிக்கிற காலத்தில் சைக்கிளில் கொண்டுவருவான், இப்போது குட்டியானை வண்டி வாங்கிவிட்டான். தினமும் அதை நம் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவான், நான் திட்டுவேன், இதோ எடுத்துர்றேன் நைனா என்பான், எடுக்க மாட்டான். கடைசியில் நான்தான் பக்கவாட்டில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வெளியே போவேன். இதை நாங்கள் ரெண்டு பேரும் சண்டை என்றே நினைத்ததில்லை. அன்றைக்கும் நிறுத்தியிருந்தான். அன்றைக்கு என் இடுப்பில் பெரியது இருந்தது. நான் சுருங்கவில்லை சுரேகா. நிமிர்ந்து நின்றேன். எடுடா வண்டியை என்றேன். அவனை நான் டா போட்டதே இல்லை, அவனுக்கும் காலேஜ் போகிற பிள்ளை இருக்கிறது. அவன் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "இன்னா நைனா, பேச்சு ஒரு மாதிரி போய்கினு கீது. எடுக்கலன்னா இன்னா பண்ணுவ" என்றான். சிரித்துக்கொண்டு கேட்டானா கோபமாகக் கேட்டானா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அதற்குள் என் கை சட்டைக்குள் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவே போனது. பிடியை இறுக்கிப் பிடித்தும்விட்டது. பொம்மை என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அவன் என் கையைப் பார்த்தான். நான் எதை எடுக்கப்போகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும், கத்தி என்று நினைத்திருப்பான். முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து, என் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே பின்னால் கையை விட்டு வண்டிக்குள் துழாவி ஜாக்கி கம்பியைப் பிடித்தான். அப்படியே நின்றோம்.  எதிர் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கையை வெளியே எடுத்தால் அவன் அடிப்பான், எடுக்காவிட்டாலும் அடிப்பான், அவன் நிலைமையில் இருந்தால் நானும் அடித்திருப்பேன். உன் அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து, வேம்புலி இன்றைக்கு ரெண்டு கேனாகப் போட்டுவிடு, ரேணுகா அத்தை வருகிறாள் என்றாள். அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவன் கம்பியை விட்டான், நான் பிடியை விட்டேன். கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வைத்தான், வந்தான், வண்டியை எடுத்தான். இப்போதெல்லாம் எதிர்ச் சாரியில் ஓரமாக நிறுத்துகிறான், கேட்டு முழுசாகத் திறக்கிறது. என்னைச் சார் என்று கூப்பிடுகிறான். நைனா போய்விட்டது. இவ்வளவு நடந்த பிறகும் மறுநாள் அதையே செருகிக்கொண்டு வங்கிக்குப் போனேன் பார், அதுதான் எனக்கே ஆறவில்லை. இல்லாமல் வெளியே போக ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நாளைக்குள் ஒரு பொம்மை என்னை அப்படிப் பழக்கிவிட்டது.

இதை வைத்து நீ வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டாய், உன் பிடிவாதம் என் குடும்பத்துச் சொத்து இல்லை, உன் அம்மா கொண்டுவந்தது. அவளும் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை, போன மாசம் ஆயுத பூஜைக்கு மிக்சிக்கும் கேஸ் அடுப்புக்கும் பொட்டு வைத்தோமே, அடுத்த வருஷம் சுரேகா அதுக்கும் பொட்டு வைப்பாளா என்று மட்டும் கேட்டாள். வாங்கினால் பெரியதையே வாங்கு. ஒளிக்கச் சுலபமானது வேறு, பிடிக்கச் சுலபமானது வேறு, பயந்த கைக்குப் பிடி முழுசாக வேண்டும். டிரிகரை மூடுகிற மாதிரி கெட்டியான உறை வாங்கு, துணி உறை வேண்டாம். வாங்கியதோடு விடாமல் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போய்க் கற்றுக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னால், கார் வரைக்கும் கூட வருவதற்கு ஆஸ்பத்திரிக் காவலாளியைக் கூப்பிடலாம், ஆனால் காத்திருக்கவேண்டும், வெட்கமாக இருக்கிறது என்றாயே, அந்த வெட்கத்தை விடு. வெட்கப்பட்டால் என்ன ஆகும் என்று வங்கியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று நான் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகாது, அதே பாண்டியன் நேற்றும் வணக்கம் சொன்னார்.

இன்னொன்று. ஃபேக்டரியில் டூல் ரூமிலிருந்து ஒரு சாமான் வாங்கினால், அது தொங்கிய கொக்கியில் நம் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் வாங்கவேண்டும். அது யார் கையில் இருக்கிறது என்று போகிற வருகிறவனுக்கெல்லாம் தெரியும். சாயந்திரம் டோக்கன் தொங்கினால் தேடிக்கொண்டு ஆள் வருவான். உன்னுடையது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்த சாமான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கவிப்பிரியாவிடம் சொல்லி வை, உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பெண், உன்னோடு கடைக்கும் வந்தவள். வேலைக்குப் போகாத நாளில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்துவிடு. அது உன் டோக்கன் என்று வைத்துக்கொள்.

பார்சலில் வடகமும் கறிவேப்பிலைப் பொடியும் இருக்கிறது, பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். ரேணுகா அத்தைக்கு ஒரு போன் போடு, நீ கூப்பிடுவதில்லை என்று குறைப்படுகிறாள். பட்டினி கிடக்காதே. நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்ல இடத்தில் படட்டும், உன்னைப் பெற்ற எங்கள் வயிறு குளிரட்டும், தாயே.

இப்படிக்கு,
உன் அப்பா, ஆயுதத்தைக் கீழே போட்ட ஜம்புலிங்கம்
கூடவே, படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன உன் அம்மா கஸ்தூரி

சுரேகா, இதைக் கூரியர் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அம்மா எடை போடுகிறவனோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கத்தை அவள் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கோகுல்நாத் வீட்டை விட்டுப் போன புதிதில் ஒரு நாள் நீ போனில், காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்பா என்றாய். நான் ஹார்லிக்ஸ் குடி என்று என்னமோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். அன்றைக்கு நீ கடையிலிருந்து எது நல்லது என்று கேட்டபோது எனக்கு வார்த்தை வராததும், கவிப்பிரியாவிடம் சாவி என்று எழுதியதும் அதனால்தான். கார் நிறுத்துமிடத்தில் வருகிற திருடனை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. என் கை எனக்குத் தெரியாமல் போனதைப் பார்த்துவிட்டேன். அந்த நினைப்பு உனக்கு இன்னும் வருகிறதா அம்மா?