பதினோராவது விக்கெட்

அஞ்சு நாளும் அலுக்காத என் அத்தானுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நான், பக்கத்து வீட்டு டி.வி.யில் இருபது ஓவர் மேட்ச் ஓடும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒருத்தன் பந்தைத் தூக்கிக் கூட்டத்துக்குள் அடித்தான். என்னை அறியாமல் விரலை வாயில் வைத்து விசில் அடித்துவிட்டேன். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "பாவம், மச்சினனுக்குத் துக்கம் தாங்கல" என்று யாரோ சொன்னார்கள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலையைப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இருபது ஓவர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொன்னவன் நான்தான். பதினாறு நாள்கூடத் தாங்கவில்லை. "ஏலே மாப்ள, தாலி கட்டுறதப் பாக்காம நேரா பந்திக்குப் போறவந்தாம்லே அந்த ஆட்டத்தப் பாப்பான்" என்பீர்கள். "பசிச்சவன் பந்திக்குத்தான அத்தான் போவான்" என்பேன். இப்போது அப்படிப் பதில் சொல்லக்கூட எதிரே ஆள் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதும் கடிதம் இது. நீங்கள் படித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்யப் போவதில்லை என்ற தைரியம்தான். அந்தத் தைரியமே எனக்குப் பிடிக்கவில்லை.

நம்முடைய மிஸ்டு கால் சங்கதி மற்றவர்களுக்குத் தெரியாது இல்லையா? நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறியில். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வீட்டு முன்னறையில் தையல் மிஷினும் எதிரே டி.வி.யுமாக. தறிச் சத்தத்தில் போன் பேச முடியாது. அதனால் ஒரு விக்கெட் விழுந்தால் ஒரு மிஸ்டு கால். சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கும். நான் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். மேட்ச் முடிந்தால் மட்டும் முழுசாக அடிப்பீர்கள். நான் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடிவந்து எடுப்பேன். எத்தனை வருஷம் அத்தான்! என் இடது பக்கப் பை உங்களுடையதாகவே இருந்தது.

இப்போது எல்லார் போனிலும் ஸ்கோர் ஓடுகிறது. என் பக்கத்துத் தறி சுப்பையா பந்துக்குப் பந்து சொல்கிறான். "வேண்டாம்லே, சொல்லாத" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஸ்கோர் இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்ல?

நீங்கள் போன பிறகு கிரிக்கெட் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. தெருவுக்கு ஒரு டீக்கடை மாதிரி நாட்டுக்கு ஒரு லீக். ஒரே ஆட்டக்காரன் தை மாதம் ஒரு தேசத்தில் சிவப்புச் சட்டை, சித்திரையில் நம் பக்கம் நீலச் சட்டை, ஆடியில் இன்னொரு தேசத்தில் பச்சைச் சட்டை. சொந்த நாட்டுச் சட்டையை எந்தப் பீரோவில் வைத்தோம் என்று தேடுகிறான். நல்ல வயசிலேயே, நாட்டுக்கு ஆடியது போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. கைத்தறியில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் விசைத்தறிக்கு ஓடிவரவில்லையா?

உங்களுக்குப் பிடித்த மேற்கிந்தியத் தீவுக்காரர்களை நினைத்தால்தான் சங்கடம். பெரிய வீட்டுக்காரர்களாக மூன்று நாட்டுக்காரர்கள், அதில் நாமும் ஒருவர், தங்களுக்குள் அஞ்சு டெஸ்ட் ஆடிக்கொள்கிறார்கள். மற்ற வீட்டுக்குப் போனால் ரெண்டு டெஸ்ட்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே காபி குடித்துவிட்டுத் திரும்புகிற சொந்தக்காரர் மாதிரி. டெஸ்ட் ஆடுகிற நாடுகளை மேல் வரிசை, கீழ் வரிசை என்று பிரித்து உட்கார வைக்கலாமா என்றும் பேச்சு நடக்கிறது. நாலு நாள் போதாதா என்றும் கேட்கிறார்கள். நாலு நாளா? அஞ்சாம் நாள் சாயங்காலம், ஜெயிக்க வழியில்லாத ரெண்டு பேர் தோற்க மாட்டோம் என்று மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பார்களே, அதை எந்த நாளில் கொண்டுபோய் வைப்பார்கள் அத்தான்?

நல்ல சேதியும் உண்டு. நம் பொம்பளப் பிள்ளைகள் உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். மைதானம் கொள்ளாத கூட்டம். நேபாளத்துக்காரனும் அமெரிக்காக்காரனும் ஆடுகிறார்கள். ஒலிம்பிக்கிலும் கிரிக்கெட் வரப்போகிறதாம். ஆட்டம் பரவுகிறது. பரவுவதெல்லாம் மூணு மணி நேர ஆட்டம்தான். அகலம் கூடுது, நீளம் குறையுது. துணி ஓட்டுகிறவனுக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

இனி அக்காவின் கதை. உங்கள் காரியம் முடிந்த மறுநாளே தையல் மிஷினையும் டி.வி.யையும் ஒரே போர்வையால் மூடி, முன்னறையைப் பூட்டி, சாவியை முந்தியில் முடிந்துகொண்டாள். எட்டு மாசம் திறக்கவில்லை. ஹூக் தைக்கவில்லை, காஜா எடுக்கவில்லை, என்னை ஒழுங்காகத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போன மாசம் போயிருந்தபோது, ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் அறையைக் கேட்கிறார், கொடுத்துவிடப் போகிறேன் என்றாள்.

கொடுக்காதே என்று நான் நேரடியாகச் சொல்லவில்லை. "அக்கா, டெஸ்ட் ஆரம்பிக்குது. டி.வி.யப் போட்டு, விக்கெட் விழுந்தா அத்தான் போன்ல இருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் குடேன்" என்றேன்.

"உங்க வெளாட்டப் பத்தி எனக்கு என்னலே தெரியும்? முப்பது வருசமா டி.வி.க்கு முதுகக் காட்டி உக்காந்து ஹூக்கு தச்சவ நான்."

"உன் முதுகுக்குத் தெரிஞ்ச கிரிக்கெட்டு இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாதுக்கா."

"போலே, வேலையப் பாத்துட்டு."

அவ்வளவுதான் பேச்சு. நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

டெஸ்ட் ஆரம்பித்த அன்று காலை மூணாம் நம்பர் தறியில் நிற்கிறேன். சட்டைப் பை அதிர்ந்தது. ஒரு தடவை. எடுத்துப் பார்த்தால் உங்கள் பேர். அந்தப் பேரையே ரெண்டு தடவை படித்தேன் அத்தான். பிறகு சாக்பீஸைத் தேடினேன்.

ரெண்டாவது. மூணாவது. எட்டு மாசமாகச் சும்மா கிடந்த சுவரில் கோடு மேல் கோடு. "ஏலே சுப்பையா, நம்ம பயலுவ இன்னைக்குப் பொளந்து கட்டுதானுவ" என்று கத்தினேன். அவன் என்னமோ சொன்னான். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்கவும் நான் விரும்பவில்லை. எட்டு, ஒன்பது. பத்தாவது வந்ததும் தோளில் கிடந்த துண்டை ஆகாயத்துக்கு வீசிவிட்டு, தறிகளுக்கு நடுவில் ஒரு ஆட்டம் போட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே ஒரு அணி காலி!

அடுத்த அணி மட்டையோடு இறங்கக்கூட நேரமாகவில்லை, அதற்குள் பதினோராவது மிஸ்டு கால் வந்தது.

சுப்பையா வாயைக் காதுக்குள் வைத்துச் சொன்னான்: "அண்ணாச்சி, அதத்தான காலையில இருந்து சொல்லுதேன். அங்க ஒரே மழை. ஒரு பந்துகூடப் போடல."

ஷிப்டு முடிந்ததும் பஸ் ஏறினேன். மடவார் வளாகத்தில் உங்கள் முன்னறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. போர்வையை மடித்து மூலையில் வைத்திருந்தாள். டி.வி.க்கு முதுகைக் காட்டி, மடியில் யாருடைய ஜாக்கெட்டையோ வைத்து ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உங்கள் போன். மழையாக இருந்ததால் டி.வி.யில் பழைய டெஸ்ட் ஒன்றை வெட்டி ஒட்டி, காலையில் போட்டதையே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பல வருஷத்துக்கு முன்னால் அதே விக்கெட்டுகளை, அதே நம்பரில் இருந்து, அதே பைக்கு நீங்கள் அனுப்பிய மேட்ச் அது.

"எல்லாம் வந்துச்சாலே?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"பதினொண்ணு வந்துச்சுக்கா. ஒரு டீமுக்குப் பத்துக்கு மேல விக்கெட்டே கெடையாது."

"நான் என்னத்தக் கண்டேன்? கூட்டம் கத்துச்சு, குடுத்தேன். முந்தியெல்லாம் அவிய மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். இப்ப எந்த மொகத்தப் பாக்க?"

கீழே கிடந்த ஹூக் ஒன்றைப் பொறுக்கி அவள் பக்கம் வைத்தேன். ஓடுவது பழைய மேட்ச் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளே கேட்டாள்.

"நாளைக்கும் இருக்கா இது?"

"இன்னும் நாலு நாள் இருக்குக்கா."

"அம்புட்டு நாளா?" என்று ஊசியில் நூலைக் கோத்தாள். "அப்ப ஜெராக்ஸ்காரருட்ட பொறவு பேசிக்கிடுதேன்."

மூணு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் எதற்கும் இந்த நாலு நாளை அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. டெஸ்ட் பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது அத்தான். பெரிய இடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, மடவார் வளாகத்தில் ஒரு கதவு திறந்ததா பூட்டியதா என்று தெரியப் போவதில்லை. அடுத்த டெஸ்ட் எப்போது என்று மட்டும் நேற்று அக்கா கேட்டாள்.

இந்த இடது பக்கப் பையில் உங்கள் நம்பரைத் தவிர வேறு எதற்கும் இடம் தர மாட்டேன். உலகத்தில் எங்கே அஞ்சு நாள் ஆட்டம் நடந்தாலும், அஞ்சாம் நாள் சாயங்காலம் கடைசிப் பந்து வரை அக்கா வீட்டு முன்னறையில் நான் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம். விசில் விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் மாப்ள என்று கூப்பிட்டுக் கெடுத்து வைத்த
உங்கள் ஒரே மச்சினன்,
முத்தையா

ஒன்று எழுத விட்டுப்போனது. பத்தாவது விக்கெட்டுக்கு நான் வீசிய துண்டு, போன பொங்கலுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது. அது மூணாம் நம்பர் தறியில் விழுந்து, ஓடிக்கொண்டிருந்த துணியோடு சேர்ந்து உருளையில் சுற்றிக்கொண்டது. நான் பஸ் ஏறிய பிறகு உருளையைக் கழற்றிச் சலவைக்கு அனுப்பிவிட்டார்கள். துண்டு சாயம் போகிற பச்சைக் கலர். அந்த லாட் பேண்டேஜ் முழுக்க இப்போது இளம்பச்சையாக இருக்கிறதாம்.