நீ விடச் சொன்ன கேள்விகள்

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு உப்பளம் மைதானத்து ஓரமாக வந்தபோது, இரும்போடு இரும்பு மோதும் அந்தச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர், பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போன பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார்கள். தரையில் கிடந்த சின்ன மரக்குண்டை நோக்கி ஒருவர் இரும்புக் குண்டை எறிந்தார். அது எதிராளியின் குண்டைத் தட்டி விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. "ஆ, அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். போன மாதம் உன்னைக் கல்லறையில் விட்டு வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பால் பாக்கெட் வியர்த்துச் சட்டை நனையும் வரை நின்று பார்த்தேன்.

உனக்கு எழுதலாமா, இது சரியா என்று மத்தியானம் வரை யோசித்தேன். இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நாம் பஞ்சாலையில் வேலை பார்த்த கடைசி ஆண்டுகளில், அதன் கணக்குப் பிரிவில் நம் மேசைகள் எதிரெதிரே இருந்தன. ஆலை மூடப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது. நாற்பதைத் தாண்டிய கணக்கர்களை வேறு யார் எடுப்பார்கள்? ஊரைச் சுற்றி மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வந்துகொண்டிருந்தன. அங்கே நிர்வாக வேலைக்கு எம்.பி.ஏ. கேட்டார்கள். வேலையில் இருப்பவர்களுக்கென்று மாலை வகுப்பு ஒன்று இருந்தது. அதற்கு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். இருவரும் எழுதினோம், இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. உன் மதிப்பெண் சுமார். என்னுடையது வெளியே சொல்லக் கூசும்படி இருந்தது. எம்.காம். படித்தவன் நான்.

என் முடிவுத் தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ உன்னுடையதை டீக்கடை பெஞ்சில் விரித்து, அதன் மேலேயே கிளாஸை வைத்தாய்.

"எங்க முசியே, உன்னுது?"

சட்டையின் மேல் பொத்தானையும் போடுகிறவன் என்பதால் நீ எனக்கு வைத்த பெயர் அது, பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்.

"சுமார்தாம்பா."

"சுமாருன்னா எத்தினி? குடு இப்டி."

பைக்குள் கைவிட்டு நீயே எடுத்து, எழுதியது எத்தனை, சரியானது எத்தனை என்று பார்த்தாய். நீ சிரிக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தொட்டதெல்லாம் சரியாதான் போட்டுக்கீற. பாதி பேப்பர தொடவே இல்லியே. தூங்கிட்டியா?"

"ஒரு கேள்வி கொஞ்சம் இழுத்துடுச்சி."

"விடை வந்துச்சா?"

"வந்துது. சரிபாத்தேன்."

"எத்தினி தபா?"

தாளை வாங்கி மறுபடி மடித்தேன். சிறுவயதில் நாம் சேர்ந்து படித்த பள்ளியில் வழிமுறைக்குத்தான் மதிப்பெண். ஒரு வரியைத் தாண்டினால் அடி விழும். நீ அந்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்துவிட்டாய். நான் அன்றும் அந்தப் பள்ளியின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதல் வேலை முடிந்ததும் என்னைப் பெத்தாங்க் மைதானத்துக்கு இழுத்துப் போனாய். பயிற்சி வினாத்தாள் உன் கையில் இருக்கும். உன் முறை வரும்வரை ஒவ்வொரு கேள்வியாகப் படிப்பாய்.

"விடை சொல்லாத. எடுக்கிறியா, உட்றியா? அத மட்டும் சொல்லு."

"போட்டுப் பாக்காம எப்படிப்பா சொல்றது?"

"குண்ட போட்டுட்டா குறி பாக்குறோம்? சொல்லுடா."

"எடுக்கிறேன்... இல்ல, உட்றேன்... இரு."

உன் ஆட்டக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னாப்பா, ஏலமா நடக்குது அங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நீ அடுத்த கேள்வியைப் படித்தாய்.

பல வாரங்கள் ஒரு கணக்குக்கூட நான் போடவில்லை. உன் ஆட்டத்தைப் பார்த்தேன். எதிராளியின் குண்டு மரக்குண்டை ஒட்டிக் கிடக்கும். அடித்து விரட்ட உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். நீ சில நேரம் அடிக்கமாட்டாய். "ஒரு பாயின்ட் அவன் எடுத்துக்கட்டும். தப்பினா மூணு போயிடும்" என்பாய். முதலில் அதைக் கோழைத்தனம் என்றே நினைத்தேன். பிறகுதான் என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று புரிந்தது. ஒரு கேள்வியை விட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுவேனே என்ற பயத்தில்தான் அதைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேன்: "இருக்கிறது கொஞ்சம் சீட்டு. நீயும் எழுதுற. எனக்கு எதுக்கு இதெல்லாம் செய்யற?"

"சின்னப் பசங்க நடுவுல நான் மட்டும் போயி குந்தணுமா? தொணைக்கு ஆளு வாணாம்?"

இரண்டாம் முறை தேர்வுக்கூடத்தில் நீளமான கேள்வி ஒன்று வந்தது. எனக்குப் பிடித்த வகை, பென்சில் தானாகவே ஓரத்தில் முதல் வரியைத் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். தாளைத் திருப்பினேன். அன்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு முன்பு எந்த நுழைவுத் தேர்விலும் நான் அதைப் பார்த்ததில்லை.

முடிவை மிஷன் வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தோம். எனக்கு இடம் கிடைத்திருந்தது. உன் மதிப்பெண்ணும் ஏறியிருந்தது, ஆனால் போதவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் நீ. வெளியே வந்ததும் சைக்கிள்களுக்கு நடுவே நின்று மெதுவாகச் சொன்னேன்.

"நான் சேரலப்பா. நான் உட்டா அடுத்தது நீதான்."

அத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை உன்னிடம் நான் பார்த்ததில்லை.

"உன்ன உடச் சொன்னது கேள்விய. சீட்ட இல்ல. நீ எடுத்த மார்க்கு அது, எவனும் பிச்ச போடல. இன்னொரு தபா இத பேசினே, உங்கூட பேச்சே இல்ல."

சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கண்டுகொள்ளவில்லை. மறுநாள் பணம் கட்டும் இடத்தில் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாய், நான் நழுவிவிடக்கூடாது என்று.

என் படிப்பு முடியுமுன் ஆலை மூடப்பட்டது. நீ கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் கணக்கு எழுத பஸ்ஸில் போய்வந்தாய். நான் படிப்பை முடித்து ஒரு மருத்துவமனையின் அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வுபெற்றேன். யாரைப் பார்த்தாலும், "நம்ம முசியே எம்.பி.ஏ., தெரியுமில்ல?" என்று என் பக்கத்தில் நின்று நீதான் சொல்வாய். அதில் ஒரு துளி வருத்தம் தெரிகிறதா என்று கவனித்துக் கேட்டிருக்கிறேன். கடைசிவரை அது எனக்குத் தட்டுப்படவே இல்லை.

மருத்துவமனையில் அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தகுதி உண்டா என்று பல நாள் சந்தேகப்பட்டேன். என்னைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். பாராட்டு எதையும் நான் முழுதாக நம்பியதில்லை. உன் கோபத்தை நம்பினேன். உனக்கு வந்திருக்கக்கூடிய இடத்தை நான் நீட்டியபோது, என் மதிப்பெண்ணை நான் அவமதிக்கிறேன் என்று உனக்குக் கோபம் வந்ததே, அதை நம்பாமல் எப்படி இருப்பது? வயது எழுபதை நெருங்குகிறது. சந்தேகம் இன்னும் வருகிறது. வரும்போதெல்லாம் மிஷன் வீதியில் நீ என்னைத் திட்டுகிறாய். நிமிர்ந்து உட்காருகிறேன்.