தீர்வை வேண்டாம் என்று வாங்கிய கையெழுத்து

சவுத்லாந்து,
நவம்பர் 9

அன்பு மகள் ரோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் நாயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அபர்டீனில் நீயும் ஹேமிஷும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே தென்கோடியில் இப்போது வசந்தம் என்று பேர்தான், தெற்கேயிருந்து வரும் குளிர்காற்று இன்னும் விட்டபாடில்லை, இந்த வருஷம் ஆட்டுக்குட்டி நாலு செத்துப்போயிற்று.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். போன வருஷம் இதே சமயம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டதே, மின்சாரம் தயாரிக்கிறவர்கள் விற்கிறவர்கள் எல்லோரிடமும் வாங்கும் தீர்வையைக் கூட்டலாமா என்று. கடைசியில் அது நம் பில்லில்தான் விழும் என்று நான் ஊர் கிளப்பில் எல்லோரையும் உசுப்பிவிட்டேன். நீ அப்போதே, "அப்பா, நோயாளிங்க வீட்டுல கரண்டை வெட்டாம கம்பெனிங்களைக் கண்காணிக்கத்தான் அந்தக் கூடுதல் பணம், முழுசாப் படிச்சிட்டுப் பேசுங்க"ன்னு சொன்னாய். முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவனுக்கு நீ பாடம் நடத்துகிறாயா என்று கத்திப் போனை வைத்தேன். கூட்ட வேண்டாம் என்று ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டு நைரி, ஆக்ஸிஜன் மிஷினோடு இருக்கிறவள், "இது எனக்கு நல்லதா லின்ஸி?"ன்னு கேட்டாள். "போடும்மா, பில் ஏறாது" என்றேன். போட்டாள். தீர்வையைக் கூட்டவில்லை, அந்தக் கண்காணிப்பு வேலையையும் தள்ளிவைத்துவிட்டார்கள். நாங்கள் சீஸ் ரோல் தின்று கொண்டாடினோம்.

ஜூலையில் நைரி இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்ததில் பில் கட்டத் தவறிவிட்டாள். வீடு திரும்பிய மூன்றாம் நாள், அவள் நோயாளி என்று பதிந்து வைத்ததையே கவனிக்காமல் கம்பெனிக்காரன் எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்திக் கரண்டை வெட்டிவிட்டான். காலை பத்து மணிக்கு ரொட்டி கொடுக்கப் போன நான்தான் பார்த்தேன். மாற்று சிலிண்டரும் தீர்ந்து, உதடு நீலமாகித் தரையில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள், ஆனால் இனி தனியாக இருக்க முடியாது என்று முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அவள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

போன வருஷக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆணையத்துக்கு எழுதினேன். தலைநகர் வெலிங்டனில் அவர்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அது முடிஞ்சுபோன விஷயம் சார், உங்க ஒரு கடிதத்தால மட்டும் எதுவும் முடிவாகல, இந்த வருஷமும் கருத்துக் கேக்கறோம், எழுதுங்க"ன்னு பொறுமையாகச் சொன்னாள். இந்தத் தடவை தீர்வையைக் கூட்டுங்கள் என்று எழுதி, அந்த நாற்பத்தொரு பேரில் நைரியை விட்டு மற்ற எல்லோரிடமும் மறுபடி போனேன். கிளப்பில் ஆல்பி, "போன வருஷம் ஒரு பாட்டு, இந்த வருஷம் ஒரு பாட்டா?"ன்னு எல்லோர் முன்னாலும் சிரித்தான். ஒன்பது பேர்தான் போட்டார்கள். நைரியிடம் போக எனக்கு முகமில்லை. அவளே சொல்லி அனுப்பினாள், "என்கிட்ட மட்டும் ஏன் வரல? இந்தத் தடவை முழுசாப் படிச்சுக் காட்டச் சொல்லு, அப்புறம் யோசிக்கறேன்"ன்னு. இரண்டு மத்தியானம் இல்லத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆணையத்தின் அறிக்கை அறுபது பக்கத்தையும் படித்துக் காட்டினேன். நடுநடுவே தூங்கினாள், எழுந்து விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவே இல்லை. பத்தாவது கையெழுத்து அவளுடையது.

நீ சொன்னதுதான் சரி ரோனா. இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, மன்னித்துவிடு.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். அங்கே பனி தொடங்கியிருக்கும், வண்டி டயரை மாற்றச் சொல் ஹேமிஷிடம், தள்ளிப்போடாதே. சின்னவளுக்கு என் முத்தம்.

உன் அப்பா,
லின்ஸி