மீந்த மாத்திரைகளும் ஒரு போட்டோவும்

டீச்சரம்மா,

"மீந்த மாத்திரைய குப்பையில கொட்டிடு. எல்லாத்தையும் முழுங்கிட்டேன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?" என்று நேற்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே! நான் பொய் சொன்னா, நாளைக்கு இத நம்பி வாங்குறவங்க கதி?" என்றாய்.

டாக்டர் உன்னைத் திட்டுவாரோ என்ற பயத்தில்தான் சொன்னேன். அதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தும்விட்டேன்.

பழச்சத்து மாத்திரை எடையைக் குறைக்குமா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிற சோதனை. உனக்குக் கொடுத்தது நிஜ மாத்திரையா, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற வெறும் மாவா என்றுகூடத் தெரியாது. எடையும் அசையவில்லை. அப்படியும் விட்டுப்போன மாத்திரைகளை மறைக்காமல் இன்று திருப்பிக் கொடுக்கப் போகிறாய். உன் நேர்மையையும் சேர்த்து ஏற்றினால் அவர்களுடைய எடை மெஷின் தாங்காது!

மாத்திரை டப்பா உன் கைப்பையில். ரத்தம் எடுக்கும்வரை வெறும் வயிறு, காபியைத் தொடாதே. முடிந்ததும் சாப்பிட, கட்டிய டிபனும் பையிலேயே இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

மறந்தே போனேன். சாயங்காலம் என் அக்கா கேமராவோடு வருகிறாள். "இளைச்ச அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நம் கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் படத்திலும் நிற்காமல் நழுவிவிட்டாய். நீ வருத்தப்படுவாயோ என்று நானும் வாயே திறக்கவில்லை. இன்று கேட்டுவிடுகிறேன்.

இப்ப இருக்கிற மாதிரியே என் பக்கத்துல வந்து நில்லேன்.