வியாழக்கிழமைகளில் நீங்கள் போன இடம்

என் அருமை அண்ணை,

உங்கள் கைபேசியை அண்ணி என்னிடம்தான் தந்திருக்கிறார். உங்களைத் தேடி வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்ல அவரால் முடியவில்லை. மொன்றியல் துறைமுக வாசலில் லொறிகள் வரிசையாக நிற்க, உங்கள் லொறி மட்டும் நகராமல் நின்றதாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், உங்கள் இதயம் நின்றுவிட்டதாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் பிரெஞ்சில் உங்களைக் கேட்டார். வியாழக்கிழமைச் சந்திப்பு விஷயமாகச் சுகாதார நிலையத்திலிருந்து எடுப்பதாகச் சொன்னார். நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னேன். "வருந்துகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். உங்களுக்கு இருதய வருத்தம் முன்பே தெரிந்திருந்ததோ என்ற சந்தேகத்தில் நான் நேரே அங்கே போனேன்.

இரண்டாம் மாடிக் கதவில் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்தது. நான் இடம் மாறி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே இருந்த நரைமுடிப் பெண்ணுக்கு உங்கள் பெயர் தெரிந்திருந்தது.

"அவர் ஏன் இங்கே வந்தார்?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாது."

"நான் அவருடைய தம்பி."

"தம்பியிடமும் சொல்ல முடியாது. நீங்கள் உங்களைப் பற்றிப் பேச விரும்பினால் வரலாம்."

எனக்கு வந்த கோபத்தில் லிஃப்டைக்கூடப் பார்க்காமல் படியால் இறங்கினேன். யாரோடு கோபம்? அந்தப் பெண்ணோடா, உங்களோடா? வியாழன் பின்னேரங்களில் மாதா கோயில் மண்டபத்தில் கதிரை அடுக்கப் போவதாக எனக்குச் சொன்னீர்கள். நானும் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே.

எனக்கு விளங்காதது இதுதான். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணை என்று ஒரு அறையில் இருத்தி, ஊரில் நடந்ததைச் சொல்லு என்றார்கள். சொன்னோம். உண்மையா பொய்யா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வெளியே வந்து, "இனி ஒருத்தனுக்கும் ஒண்டும் சொல்லுறேல்லை" என்று சொன்னவர் நீங்கள்தான். வேலையிடத்திலும் அதையே எனக்குப் படிப்பித்தீர்கள். "எங்கடை நிறத்து ஆம்பிளை சத்தம் போட்டா செக்யூரிட்டியைக் கூப்பிடுவாங்கள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்." நான் அப்படியே டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிக் காலத்தைக் கழித்துவிட்டேன். நீங்கள் எப்போது மாறினீர்கள்?

பனி கரைகிற நாட்களில் ஒருமுறை என்னை விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனீர்கள், நினைவிருக்கிறதா?

"டேய், நீ ஒழுங்கா நித்திரை கொள்ளுறியோ?"

"ஓம். ஏன் அண்ணை?"

"சும்மா கேட்டனான்."

நான் ரேடியோவில் ஹொக்கி விளையாட்டைச் சத்தமாக வைத்தேன். நான் சொன்னது பொய், அண்ணை. ஆனால் நீங்கள் என்னைத்தான் கேட்டீர்களா, அல்லது உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்களா? எத்தனை தரம் யோசித்தும் பிடிபடவில்லை.

அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமை தவித்தேன். கடைசியில் ஞாயிறு பூசை முடிந்து கர்க்லாண்டில் உங்கள் வீட்டுக்குப் போய், குசினி மேசையில் வைத்து விஷயத்தை உடைத்தேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். முதல் நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். இறங்கமாட்டன் எண்டு அரை மணித்தியாலம் காருக்குள்ளையே இருந்தவர்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னவர். தம்பி என்னைப் பாத்துத்தான் நிக்கிறான், நான் ஆடினா அவன் விழுந்துபோவான் எண்டு."

அண்ணை, அது அன்பா? என்னை நம்பவில்லையா? இரண்டும்தானோ? நான் உங்களைப் பார்த்து நின்றது உண்மை. ஆனால் நீங்கள் ஆடாமல் நிற்கிறீர்களே என்றுதான் நானும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறோமா?

பிறகு அண்ணி கத்தியை வைத்துவிட்டு அழுதார். வழக்கமாக யாரும் அழுதால் நான் வெளியே போய்க் காரைத் துடைப்பேன். அன்று இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "எனக்கும் நித்திரை இல்லை அண்ணி" என்றேன்.

"உம்மடை முகத்திலை தெரியுது," என்றார். "போம். போய்க் கதையும்."

போனேன். அதே அறை, அதே நரைமுடிப் பெண். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மொன்றியலில் எந்தத் தமிழர் எங்களுக்குத் தெரியாதவர்? எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், என் அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். பாடப் புத்தகத்தில் வாசிப்பதுபோல இருந்தது. யாரோ ஒருவருடைய அண்ணன். எனக்கே கூச்சமாகிவிட்டது.

பிறகு வாய் தானாகத் தமிழுக்குத் திரும்பியது. "என்ரை அண்ணை செத்துப்போனார்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. "இன்னொரு தரம் சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்டால் பாதி எனக்கே ஞாபகமில்லை.

அடுத்த கிழமையும் போவேன். இதனால் சுகம் வருமா என்று தெரியாது, அதனால் அந்த வாக்கைத் தரமாட்டேன். இதை மட்டும் தருகிறேன்: இனி அண்ணி எப்படி இருக்கிறீர் என்று கேட்டால், பிரச்சினை இல்லை என்று சொல்லித் தப்பமாட்டேன். உள்ளதைச் சொல்வேன். சொல்லிவிட்டு, "நீங்கள் எப்பிடி?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழும்பாமல் இருப்பேன்.

உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் ஒரே தம்பி,
அன்ரன்